இல்லாத தாருக்கு அச்சாரம்

பிப்ரவரி 15, 2009, ஞாயிறு

வடகவுஞ்சிக்கு, எங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பினேன். பஸ்ஸில் போகும்போதும் நின்றேன், வரும்போதும் நின்றேன். தைப்பூசம் முடிந்து ஒரு வாரமாகியும் மலைக்கு ஏறுகிற கூட்டம் குறையவில்லை. சாமி பார்த்த கையோடு குளிரையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

பழனி வாழை வியாபாரி மயில்சாமி வந்திருந்தார். பஞ்சாமிர்தக் கடைகளுக்கு மலைவாழை ஏற்றுகிறவர். எங்கள் ஒரு ஏக்கரைச் சுற்றிவந்து, பூ தள்ளிய மரங்களைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, வெற்றிலைக்குள் நோட்டுகளை மடித்து குமார் அண்ணன் கையில் வைத்தார். அச்சாரம். தார் முற்றியதும் இன்று பேசிய விலைக்கே அவர் வெட்டிக்கொள்ளலாம். அதற்குள் சந்தையில் விலை விழுந்துவிட்டால் வர மாட்டார். அச்சாரத்தைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார். போன வருஷம் அப்படித்தான் ஆயிற்று.

"ஏப்பா குமாரு, போன தடவ என் அச்சாரத்த முழுங்கிட்டு ஏப்பம்கூட விடலையே நீ."

"நீங்க வரலைன்னா நான் என்ன செய்ய அண்ணாச்சி? தாரும் எனக்கு, காசும் எனக்கு."

"மலையில இருந்துக்கிட்டு மொதலாளி மாதிரி பேசுறான் பாரு!"

எல்லோரும் சிரித்தோம். லீலா அண்ணி மட்டும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு கிரைண்டர் வேண்டும்.

பிப்ரவரி 18, புதன்

அண்ணன் எனக்கு அரிசியும் ஒரு சீப்புப் பழமும் கொண்டுவந்தான். அறைக்கு வராமல் நேராக ஆபீஸுக்கே வந்துவிட்டான். சாக்லேட் கடைக்கு மேல் மாடி, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டிவி. செந்தில்வேல் சார் நடத்துகிற ஷேர் ஆபீஸ். டெர்மினலில் ஆர்டர் போடுவது என் வேலை.

சார் அண்ணனுக்கு நாற்காலி போட்டார். இரண்டு வருஷமாக நான் நின்றுகொண்டு பேசுகிற அறை அது. சிலோன்காரன் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிற மனிதர் நாற்காலி போட்டால் அப்போதே எழுந்து ஓட வேண்டாமா?

"ஆப்ஷன்னா என்னன்னு ஊரே பயப்படுது குமாரு. வேற ஒண்ணுமில்ல, அச்சாரம். நிஃப்டி இன்ன விலைக்கு மேல போகும்னு ஒருத்தன் நெனைக்கிறான். ஒங்களுக்கு அச்சாரம் குடுக்குறான். போகலையா, மாசக் கடைசியில அச்சாரம் ஒங்களுக்கு. போன வருஷம் விழுந்த விழுகைக்கு இது எங்க மேல போறது? ஒக்காந்த எடத்துல காசு."

அண்ணன் என்னைப் பார்த்தான். "சரியாத்தான் சொல்றாரா புள்ள?"

"அச்சாரம் மாதிரித்தாண்ணே. ஆனா—"

"ஆனாவெல்லாம் அப்புறம் பேசிக்க. ரெண்டு டீ சொல்லு தேவி," என்றார் சார்.

டீ சொன்னேன். டீ வருவதற்குள் அண்ணன் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

பிப்ரவரி 27, வெள்ளி

மாதக் கணக்கு முடிந்தது. அண்ணனுக்கு முதல் அச்சாரம் கையில் நின்றது. வாழை போட்டு ஒரு வருஷத்தில் மிஞ்சுவதில் பாதி, ஒரே வாரத்தில்.

அந்த 'ஆனா' இன்னும் என் வாயிலேயே இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன். தோட்டத்தில் வைத்து, அப்பா முன்னாலேயே.

மயில்சாமி அச்சாரம் தரும்போது நம்மிடம் தார் இருக்கிறது. விலை ஏறினால் என்ன? பேசிய விலைக்குத் தாரை வெட்டிக் கொடுத்துவிடுவோம். லாபம் குறையும், வயிறு எரியும், அவ்வளவுதான். ஆபீஸில் நீ விற்பதற்கு உன்னிடம் தார் கிடையாது. விலை ஏறினால் அந்த ஏறின விலைக்குச் சந்தையில் வாங்கித்தான் கொடுக்க வேண்டும். எவ்வளவு ஏறினாலும். அதற்கு மேல்கூரை கிடையாது.

அண்ணன் கேட்டான். கேட்கவில்லை என்று சொல்ல முடியாது.

"ஏறாதுங்குறாரே."

"அவர் சொல்றதுக்கு ஏறாம நிக்குமா? சரி, விக்கிறதுன்னா வித்துக்க. இன்னும் மேல ஒரு விலைக்கு நீயும் ஒரு அச்சாரம் குடுத்து வச்சிக்க. வாங்குனதுல பாதி போகும். அதுக்கு மேல ஏறினா ஒனக்கு ஒருத்தன் தருவான்."

அண்ணன் சிரித்த சிரிப்பில் அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

"அச்சாரம் குடுக்குறது வியாபாரி சோலி. நாம வாங்குறவங்க. வாங்குன அச்சாரத்துல பாதிய வழிச்சு எவன்கிட்டயோ குடுக்கச் சொல்றா. படிச்ச புள்ள!" என்றான் அண்ணன்.

நாம வாங்குறவங்க! ஆள் பிடிக்கிற கங்காணியிடம் அட்வான்ஸ் வாங்கித்தான் எங்கள் பூட்டன் சிலோனுக்குக் கப்பலேறினான். அந்த அட்வான்ஸைக் கழிக்க மூன்று தலைமுறை தேயிலைக் கொழுந்து பறித்தது. பிறகு இரண்டு நாட்டு அரசாங்கத்தாரும் உட்கார்ந்து ஆளை எண்ணிப் பிரித்தார்கள். அப்பாவைத் திருப்பி அனுப்பினார்கள். இங்கே வந்து அடுத்தவன் காட்டில் வாட்டில் மரம் வெட்டி, அடுத்தவன் தோட்டத்தில் காப்பி பறித்து, இருபத்தைந்து வருஷம் கழித்து ஒரு ஏக்கர். அட்வான்ஸ் வாங்கின கை என்ன ஆகும் என்று இந்த வீட்டுக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

இதையும் சொல்லியிருக்கலாம். கத்தியிருக்கலாம். பஸ் வந்துவிட்டது.

ஏப்ரல் 12, ஞாயிறு

மார்ச்சிலும் அண்ணனுக்கு நின்றது. ஆனால் நிஃப்டி மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருக்கிறது. ஐம்பது பெரிய கம்பெனிகளின் விலையைக் கூட்டிக் கட்டிய ஒரு எண். அதற்கு அண்ணன் என்ற ஒருவன் இருப்பதே தெரியாது.

நாலு நாளைக்கு முன் பங்குனி உத்திரம். கூட்டத்தைப் பார்த்தபோது தோன்றியது. உத்திரத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மயில்சாமி அச்சாரத்தில் கறாராக இருப்பார். கூடுமா குறையுமா என்று ஒருவருக்கும் தெரியாத வருஷத்தில்தான் தாராளமாகத் தருவார். அந்தத் தாராளம் விலை ஏறும் என்பதற்கான அடையாளம் இல்லை. விழும் என்பதற்கும் இல்லை. எந்தப் பக்கமும் எகிறலாம் என்ற பயத்துக்குத்தான் அந்தக் கூடுதல் காசு. ஆபீஸில் இதற்கு வாலட்டிலிட்டி என்று பெயர். தேர்தல் நெருங்க நெருங்க அது வீங்கிக்கொண்டே போகிறது.

அண்ணன் ஆபீஸுக்கு போன் செய்து, "அச்சாரம் நல்லா ஏறியிருக்காமே! இப்பத்தான் வெளச்சல்" என்கிறான்.

பயத்தை விளைச்சல் என்கிறான்.

மே 3, ஞாயிறு

ஏப்ரலிலும் நின்றது. நூல் இடைவெளியில்.

அந்தத் தைரியத்தில் பட்டாவைக் கொண்டுபோய் வத்தலக்குண்டில் வட்டிக்கு விடுகிற அன்னக்கொடி அம்மாளிடம் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இரண்டு லட்சம். எனக்குச் சொல்லவே இல்லை. லீலா அண்ணிதான் சொன்னாள், புது கிரைண்டரைத் துடைத்துக்கொண்டே.

அடமானம் என்று பேச்சு. எழுதியது கிரயம். மூன்று மாதத்தில் பணம் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவாளாம், வாய்ச்சொல். "எல்லாரும் அப்படித்தான் எழுதுறாங்க" என்கிறார் அப்பா. ஆமாம். எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்.

"அப்பா, நீங்களுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"தேயிலத் தோட்டத்து லயத்துல, ஒத்த ரூம் காம்பரால எட்டுப் பேரு கெடந்தோம். இவனாவது நாலு காசு பாக்கட்டுமே."

நான் எதையோ எட்டி உதைத்தேன். வாளி. அண்ணன் அதை நிமிர்த்தி வைத்தான்.

மே 13, புதன்

ஓட்டுப் போட்டேன். விரலில் மை. டெர்மினல் சாவிகளைத் தட்டும்போதெல்லாம் அதுதான் கண்ணில் படுகிறது.

மே 15, வெள்ளி

நாளைக்கு ஓட்டு எண்ணிக்கை. சந்தைக்கு நாளையும் மறுநாளும் லீவு. இதை மறக்காமல் எழுதி வைக்க வேண்டும்.

அண்ணனின் நிலைமை இது. 3900-ஐ விற்றிருக்கிறான். நிஃப்டி 3900-க்கு மேல் எவ்வளவு போகிறதோ அவ்வளவையும் கொடுக்க வேண்டும். அச்சாரம் தடிப்பாக வந்ததால் தாங்கக்கூடியதைப் போல் இரண்டு மடங்கு விற்றிருக்கிறான். மீதி மார்ஜினுக்கு, அதாவது ஈட்டுப் பணத்துக்கு, சார் 'நான் பாத்துக்கிறேன்' என்று கை கொடுத்திருக்கிறார்.

மூன்று மணிக்கு சார் என் பின்னால் வந்து நின்றார். தன்னுடைய கணக்கைத் திறக்கச் சொன்னார். தான் விற்றிருந்ததையெல்லாம் திருப்பி வாங்கச் சொன்னார். வாங்கினேன். நஷ்டத்துக்கே வாங்கினார்.

"சார், மத்தவங்களுக்குச் சொல்லலாமா?"

"எதுக்கு? நாம சொல்லி, மேல போகலைன்னா யாரு பதில் சொல்றது? தொங்கு பாராளுமன்றம்தான் வரும், சந்தை தரைக்கு வரும்னு டிவியில எல்லாப் பயலும் சொல்றான். நான் என் மனசு நிம்மதிக்கு முடிச்சேன். அவங்கவங்க ரிஸ்க் அவங்கவங்களுக்கு."

படிக்கட்டுக்குப் போய் அண்ணனுக்கு போன் போட்டேன். கீழே சீசன் கூட்டம், ஹாரன் சத்தம்.

"சார் முடிச்சிட்டாருண்ணே. நீயும் முடி. இல்லாட்டி மேல ஒண்ணு வாங்கிக்க. வாங்குன அச்சாரத்துல பாதி போதும். இன்னும் கொஞ்ச நேரந்தான் இருக்கு, வெரசா சொல்லு."

"அவருக்கு வேற சோலி இருக்கும். பழனியில கடை இருக்கு. நமக்கு இது மட்டுந்தானடி."

"அண்ணே, வாங்கவான்னு கேக்குறேன். ஒரு வார்த்த. ஆமான்னு சொல்லு."

"வேணாம். வாங்குன அச்சாரத்துல கை வைக்காத."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அண்ணன் கணக்கு திறந்தே கிடந்தது. F1 அடித்தால் வாங்கும் ஜன்னல். எண்ணிக்கையையும் போட்டுவிட்டேன். வாடிக்கையாளர் சொல்லாமல் ஆர்டர் போடக் கூடாது, அது சட்டம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

சந்தை மூடியது. 3671.

சட்டத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். நல்ல புள்ள.

மே 16, சனி

முடிவு தெரிந்துவிட்டது. தொங்கவில்லை. தெளிவாக ஒரு பக்கம். ஏழு ரோடு சந்திப்பில் வெடி. டூரிஸ்டுகளுக்குக்கூட லட்டு கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. கையில் வைத்துக்கொண்டே அறை வரை நடந்தேன்.

மே 17, ஞாயிறு

வடகவுஞ்சி. அண்ணன் வீட்டுக்குப் பின்னால் பீடி குடித்துக்கொண்டிருந்தான். நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அப்பா டிவியை விட்டு எழவில்லை. சித்தப்பா அன்றைக்குக் கப்பலேறாமல் வன்னிக்குப் போனவர். ஜனவரிக்குப் பிறகு அவரிடமிருந்து சேதி இல்லை. திரையில் புகையும் கடற்கரையும். அடியில் ஓடுகிற பட்டையில், நாளை சந்தை உயரும் என்று வல்லுநர்கள் எதிர்பார்க்கிறார்கள்.

அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பார்த்தேன்.

மே 18, திங்கள்

அண்ணன் வெள்ளனே பஸ்ஸில் ஏறி வந்துவிட்டான். என்னோடு சேர்ந்துதான் ஆபீஸ் படி ஏறினான். இந்தத் தடவை நாற்காலியை அவனே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் சந்தை திறந்தது. திறந்ததா? எண்கள் ஒருமுறை துடித்தன. அப்படியே நின்றுவிட்டன. ஒரே நாளில் இவ்வளவுதான் ஏறலாம் என்று ஒரு அளவு உண்டு. அதைத் தொட்டதும் பூட்டிவிட்டார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டிவியில் ஒருவன் கை தட்டினான். ஷேர் வாங்கி வைத்திருந்த ஹோட்டல்காரர்கள் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"முடிச்சுப் போடு தேவி. வாங்கிப் போடு. எம்புட்டானாலும் சரி."

"பூட்டிட்டாங்கண்ணே."

"எவன்கிட்டயாச்சும் கேளு. கூடக் குடுக்கிறோம்னு சொல்லு."

"விக்க ஆளில்ல."

"பூட்டுனா வெலையும் நிக்குமில்ல?"

"நிக்காது."

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மறுபடி திறந்தது. மறுபடி துடிப்பு, மறுபடி பூட்டு. இன்றைக்கு அவ்வளவுதான். 4323. நான் F1 சாவியை எத்தனை தடவை அடித்தேன் என்று தெரியாது. விரல் மை நகத்தோரம் தேய்ந்து போயிருந்தது.

அண்ணன் மெதுவாக, வியாபாரம் பேசுகிற குரலில் கேட்டான்.

"இத்தன தாருக்கு நான் எங்க புள்ள போவேன்?"

மார்ச் மாதம் நான் சொன்னதுதான். இப்போது அவனுக்கே புரிந்துவிட்டது. எனக்கு ஒன்றும் சந்தோஷமாக இல்லை.

சார் மதியம் வரவில்லை. பழனிக்கு அபிஷேகத்துக்குப் போயிருக்கிறாராம். தப்பித்ததுக்கு நேர்த்திக்கடன்.

மே 19, செவ்வாய்

சந்தை திறந்ததும் சாரே அண்ணன் கணக்கை முடித்தார். கேட்கவில்லை. விலை உச்சத்தில் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அச்சாரம் வாங்கியது நூற்றுச் சொச்சத்துக்கு. திருப்பி வாங்கியது ஐந்நூறுக்குப் பக்கம். அப்படிப் பல நூறு. பட்டாவை வைத்து வாங்கிய இரண்டு லட்சம் போய், அதற்கு மேலும் ஒரு லட்சத்துக்கு மேல் மைனஸ்.

"ரிஸ்க் டாக்குமெண்ட்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்க குமாரு," என்றார் சார். முப்பது பக்கம் இங்கிலீஷ். அண்ணன் ஒவ்வொரு பக்கத்திலும் தமிழில், அழகாக, புள்ளி வைத்துப் போட்டிருந்தான்.

"சார், வெள்ளிக்கிழமை நீங்க முடிச்சீங்களே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"நீதான் போன் பண்ணியே. எனக்குத் தெரியாதா? சொல்லியும் கேக்கலைன்னா நான் என்ன செய்ய?"

அதுவும் நிஜம்தான். அதுதான் ஆத்திரம்.

அண்ணன் எழுந்து, நாற்காலியைப் பழைய இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போனான். பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போனேன். பஸ் ஏறும்போது மட்டும், "கிரைண்டரக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானா?" என்றான்.

வீட்டில் டிவியை அணைத்துவிட்டார்களாம். அண்ணி போனில் சொன்னாள். போர் முடிந்ததென்று கொழும்பில் வெடி போட்டார்களாம். அப்பா சாப்பிடவில்லை. எந்தக் காரணத்துக்காக என்று அண்ணிக்குத் தெரியவில்லை.

ஜூன் 1, திங்கள்

வேலையை விடுகிறேன் என்று சொன்னேன். "தாராளமா விடு. மைனஸைக் கட்டிட்டுப் போ," என்றார் சார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாமாம், சம்பளத்தில் பாதி பாதியாகக் கழித்துக்கொள்ளலாமாம், குடும்பம் மாதிரி பழகியவர்களாம்.

சரி என்றேன். பின்னே?

பூட்டனுக்குக் கப்பலாவது கிடைத்தது.

ஜூன் 30

சம்பளம். பாதி.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

கெடு முடிந்தது. அன்னக்கொடி அம்மாளின் ஆட்கள் வந்து முள்கம்பி இழுத்தார்கள். அவள் வரவில்லை. வந்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன். பேசி?

வேலி நட ஆள் குறைந்தது. அண்ணன் போய்க் கடப்பாரையைப் பிடித்தான். சாயந்திரம் கூலியும் வாங்கினான். நாளையிலிருந்து அங்கேயே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். எந்த மரம் எப்போது தள்ளும் என்று அவனுக்குத்தானே தெரியும்.

எனக்குக் கோபம் யார் மேல் என்று எழுதிப் பார்த்தேன். சார், அன்னக்கொடி, டிவியில் கை தட்டினவன், அப்பா, அண்ணன். கடைசியில் F1 என்று எழுதி அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, வியாழன்

சந்தை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆபீஸில் கூட்டம். டாக்ஸி ஓட்டுகிற ஒருவர் வந்து, "அச்சாரம் மாதிரித்தானாமே?" என்றார். சார் நாற்காலி போட்டார்.

"ஒங்ககிட்ட தார் இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

"எந்தத் தாரு?"

சார் என்னை முறைத்தார். "ரெண்டு டீ சொல்லு தேவி."

சொல்லவில்லை. அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நின்றுகொண்டே. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சாரைப் பார்த்து, "பாப்பா ரொம்ப பயப்படுதே சார்," என்று சிரித்தார். கையெழுத்துப் போட்டார். டீயை சாரே போய்ச் சொன்னார்.

செப்டம்பர் 13, ஞாயிறு

வடகவுஞ்சி. மழை விட்டிருந்தது. அண்ணன் தோட்டத்தில் பக்கக்கன்று வெட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கூலி கொஞ்சம் கூட. நான் சோறு கொண்டுபோய் வேலிக்கு வெளியே நின்றேன்.

மயில்சாமி வந்தார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. வழக்கம் போல ஒரு சுற்று சுற்றினார். "கம்பியெல்லாம் போட்டு ஜோரா வச்சிருக்கியேப்பா," என்றார். மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தார், நோட்டுகளை உள்ளே மடித்தார், அண்ணன் முன்னால் நீட்டினார். அண்ணன் கையைக் கைலியில் துடைத்து, பாதி நீட்டியும்விட்டான். அப்புறம் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அங்கிட்டுக் குடுங்க அண்ணாச்சி. அந்தம்மா ஆளு நிக்கிறாரு பாருங்க."

மயில்சாமி முள்கம்பியை மறுபடி பார்த்தார், அந்த ஆளைப் பார்த்தார். போய் அந்த ஆளிடம் அச்சாரத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். மடியிலிருந்து இன்னொரு வெற்றிலையை எடுத்து மடித்தார்.

"வெத்தலையாச்சும் போடு குமாரு."

அண்ணன் வாங்கினான். மடிப்பைப் பிரித்துப் பார்த்தான். பழக்கம். உள்ளே ஒன்றும் இல்லை. சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனான்.